விஜயதசமிக்குள் கிட்டார்

எல்லாம் ஒரு போட்டோவால் வந்த வினை.

ஸ்ரீகாந்தின் ஆபீஸ்காரர்கள் ஒரு சனிக்கிழமை ஹைதராபாத்துக்கு வெளியே ஏதோ ரிசார்ட்டுக்குப் போனார்கள். அங்கே யாரோ கொண்டுவந்திருந்த கிட்டாரை யாரோ இவன் கையில் திணித்தார்கள், யாரோ படம் எடுத்தார்கள். மூன்று யாரோக்களும் அன்றைக்கே அதை மறந்துவிட்டார்கள். படம் மட்டும் நன்றாக விழுந்து தொலைத்தது. இருபத்தெட்டு வயது வரை எந்தப் போட்டோவிலும் திருட்டு முழியோடு விழுந்தவன், அதில் தலையைச் சாய்த்து லேசாகச் சிரித்து, பார்க்கிற மாதிரி இருந்தான். திருச்சியில் இருந்த அக்கா மங்களம் அந்தப் படத்தைத்தான் கல்யாண வெப்சைட்டில் போட்டாள். போட்டதோடு நின்றாளா? பொழுதுபோக்கு என்ன என்று கேட்ட கட்டத்தில் 'கிட்டார் வாசிப்பது' என்று தட்டியும் விட்டாள்.

"என்னக்கா இது? கிட்டார்ல எத்தனை கம்பின்னுகூட எனக்குத் தெரியாதே" என்று போனில் அலறினான்.

"ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணுன்னு பெரியவா சொல்லியிருக்கா. நான் ஒண்ணுதானேடா சொல்லியிருக்கேன்" என்றாள் மங்களம்.

அப்பா அம்மா இரண்டு பேரும் போன பிறகு அவனைப் படிக்கவைத்தவள் அவள். அவளோடு வாதாடி ஜெயித்தவர் கிடையாது, அத்திம்பேர் உட்பட. சரி, யார் அதையெல்லாம் படிக்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டான். அவன் செய்த தப்புகள் எல்லாமே இப்படி 'சரி' என்ற வார்த்தையில்தான் ஆரம்பிக்கும்.

இது நடந்தது 2008-இல். ஆவணி பிறந்து இரண்டாவது ஞாயிறு, அக்காவும் தம்பியும் செகந்திராபாத் திருமுல்கேரிக்குப் பெண் பார்க்கப் போனார்கள். ராணுவக் குடியிருப்புகளை ஒட்டிய பழைய காலனியில் மாடி வீடு. பெண்ணின் அப்பா ராமசுவாமி, ராணுவத்துக்கு வந்து இறங்கும் சாமான்கள் சொன்னபடி இருக்கின்றனவா என்று பரிசோதிக்கும் பிரிவில் முப்பத்துநாலு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். பெண் ஹம்ஸினி, உப்பலில் ஒரு மருந்துக் கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் இருந்தாள். லேபிளில் எழுதியிருப்பது மாத்திரைக்குள் இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. இதையெல்லாம் கேட்கக் கேட்க ஸ்ரீகாந்த் வாசலைப் பார்த்தான். வந்ததும் வந்தோம், பரிசோதனைக்காரர்கள் வீடாகப் பார்த்தா வந்தோம் என்றிருந்தது.

"கிட்டார் எத்தனை வருஷமா?" என்று கேட்டார் ராமசுவாமி.

"காலேஜ்லேந்தே" என்றாள் மங்களம், பஜ்ஜியை மென்றுகொண்டே.

பெண்ணின் அம்மா கல்பகத்துக்கு முகம் மலர்ந்துவிட்டது. "எங்க ஹம்ஸினி பதினாறு வருஷமா வீணை வாசிக்கறா. இந்தாத்துல ஒரு வழக்கம் உண்டு. விஜயதசமி அன்னிக்குப் புனர்பூஜை ஆனதும் வாத்தியம் தெரிஞ்சவா எல்லாரும் கொலு முன்னாடி உட்கார்ந்து ஒண்ணாவது வாசிக்கணும். எல்லாம் கூடி வந்தா, அன்னிக்கே நிச்சயதார்த்தத்தையும் வெச்சுண்டுடலாம். வீணையும் கிட்டாரும் ஒரே நாள்ல கேட்டுடலாம்."

ஸ்ரீகாந்த் சிரித்தான். வேறென்ன செய்வது?

பெண்ணும் பிள்ளையும் பேசட்டும் என்று பத்து நிமிஷம் பால்கனியில் விட்டார்கள். ஹம்ஸினி வந்ததுமே விஷயத்துக்கு வந்தாள். சுற்றி வளைக்கிற பழக்கம் அவளிடம் இல்லை.

"போன வருஷம் ஒரு இடம் கல்யாணம் வரைக்கும் போச்சு. அமெரிக்கால வேலைன்னு சொன்னா. வேலை போயி எட்டு மாசம் ஆயிருந்துதாம். பத்திரிகை அடிச்சப்புறம் தெரிஞ்சது. வேலை இல்லைன்னு முன்னாடியே சொல்லியிருந்தா நான் சரின்னே சொல்லியிருப்பேன். சொல்லலையே. அப்பாக்கு அன்னிலேந்து பிரஷர் மாத்திரை." அவள் ஒரு நிமிஷம் தெருவைப் பார்த்தாள். "எனக்கு வேற ஒரு கண்டிஷனும் கிடையாது. இருக்கறதை இருக்குன்னு சொல்லுங்கோ. இல்லாததை இல்லைன்னு சொல்லுங்கோ. அது போதும்."

அந்த நிமிஷமே அவனுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. இந்தப் பெண் கிடைத்தால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்று தோன்றியது. இப்போதே சொல்லிவிடலாம் என்றும் தோன்றியது. என்ன சொல்ல? 'அந்தப் போட்டோ சும்மா எடுத்தது.' நாலே வார்த்தை. வாயைத் திறந்துகூடவிட்டான்.

"எத்தனை வருஷமா வாசிக்கறேள்?" என்று கேட்டாள் அவள்.

"அஞ்சாறு வருஷம் இருக்கும். ஞாயித்துக்கிழமை தவறாம வாசிப்பேன்" என்றது அவன் வாய்.

காபித் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். ஹம்ஸினியின் பார்வை அந்தக் கைகளில் கொஞ்சம் நின்றது. பிறகு, "நல்லது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

இரண்டு வீட்டாரும் அன்றைக்கே சரி என்றுவிட்டார்கள். விஜயதசமிக்கு நாற்பத்தாறு நாள் இருந்தது.

நாற்பத்தாறு நாளில் ஒன்றைக் கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் ஹைதராபாத்தில் இருப்பவன் எங்கே போவான்? அமீர்பேட்டைக்குத்தான். ஸ்ரீகாந்த் தங்கியிருந்த ஹாஸ்டலும் அங்கேதான். அங்கே ஜாவா இருபது நாளில் வரும், ஆரக்கிள் பதினைந்து நாளில் வரும், அமெரிக்க இங்கிலீஷ் ஒரு வாரத்தில் வரும். கண்ணை நிமிர்த்தினால் வானம் தெரியாது, போர்டுதான் தெரியும். அப்படி ஒரு கட்டிடத்தின் மூன்றாவது மாடியில் 'முப்பது நாளில் கிட்டார், மெட்டீரியல் இலவசம், சர்டிபிகேட் உண்டு' என்று தொங்கியது.

சொல்லிக்கொடுப்பவள் சபீனா. ஆம்பூர்ப் பெண், இருபத்துநாலு வயது. பகலில் ஒரு கம்பெனியில் சாப்ட்வேர் டெஸ்டிங், மாலையில் இந்த வகுப்பு. அவன் ஜாதகத்தில் பரிசோதிப்பவர்களைத் தவிர வேறு யாருமே இல்லை போலிருக்கிறது.

"எதுக்காகக் கத்துக்கிறீங்க சார்?" என்று கேட்டாள்.

"நாப்பத்தஞ்சு நாள்ல ஒரு பாட்டு வாசிக்கணும். அஞ்சாறு வருஷமா வாசிக்கிற ஆள் மாதிரி தெரியணும்."

சபீனா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "அது ரெண்டாவது மாடியில கிடைக்கும் சார். இங்க கிடைக்காது" என்றாள்.

அவள் சும்மா சொன்னாள். ஸ்ரீகாந்துக்குத்தான் சுருக்கென்றது. ஏனென்றால், அது அவனுக்கு உண்மையிலேயே அந்த இரண்டாவது மாடியில்தான் கிடைத்தது. மூன்று வருஷத்துக்கு முன் படிப்பை முடித்துவிட்டு வேலை தேடி இந்த ஊருக்கு வந்தபோது, அனுபவம் இல்லாதவனை ஒரு கம்பெனியும் உள்ளே விடவில்லை. ஹாஸ்டலில் கூட இருந்த ராகவேந்திராதான் இந்தக் கட்டிடத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தான். இரண்டாவது மாடியில் ஒரு மனிதர், இல்லாத ஒரு கம்பெனியில் இரண்டு வருஷம் வேலை பார்த்ததாக லெட்டர்ஹெட்டில் அடித்து, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்திக் கொடுத்தார். இரண்டு பேரும் வாங்கிக்கொண்டார்கள். ஒரே கம்பெனியில் வேலையும் கிடைத்தது. வேலைக்குச் சேர்ந்த பிறகு ராப்பகலாகப் படித்து, ஸ்ரீகாந்த் நல்ல பெயரே வாங்கினான். அந்தக் காகிதத்தை அநேகமாக மறந்தும் போனான். ஊரில் பாதிப் பேர் அப்படித்தானே வந்தார்கள் என்று மனசுக்குச் சொல்லிக்கொண்டான்.

அந்த ருசியில்தான் கிட்டாரையும் எடுத்துக்கொண்டான். சபீனா கொடுத்த ஜெராக்ஸ் நோட்ஸை ஆபீஸ் பஸ்ஸில் உருப்போட்டான். ஆறு கம்பிகளின் பெயரைத் தலைகீழாகச் சொன்னான். இரண்டு மூன்று கம்பிகளைச் சேர்த்து அமுக்கி ஒன்றாக மீட்டினால் வருவது கார்டு என்றும், எந்தக் கார்டுக்கு எந்த விரல் எந்தக் கட்டத்தில் என்றும் ஒரே வாரத்தில் நெட்டுருப் போட்டுவிட்டான். இன்டர்வியூ வைத்திருந்தால் முதல் ரவுண்டிலேயே எடுத்திருப்பார்கள்.

"சொல்றது எல்லாம் கரெக்ட்டு சார். இப்ப வாசிங்க" என்றாள் சபீனா.

வாசித்தான். மாவு மில் பெல்ட் அறுந்த மாதிரி ஒரு சத்தம் வந்தது.

விரல் என்பது மூளையின் தம்பி, அண்ணன் சொன்னால் கேட்டுக்கொள்ளும் என்றுதான் அவன் நினைத்திருந்தான். அது ஒரு தம்பியும் இல்லை. மூன்றாவது விரலை எடுக்கச் சொன்னால் நாலாவது எழுந்தது. சுண்டு விரல் எதிலும் சேராமல் தனியே விறைத்துக்கொண்டு நின்றது. இரும்புக் கம்பியை அமுக்கி அமுக்கி இடது கை விரல் நுனிகள் நாலும் முதலில் சிவந்தன, பிறகு கொப்பளித்தன, பிறகு தோல் உரிந்தன. ரசம் சாதம் பிசைவது வலது கை, அதனால் பிழைத்தான். கீபோர்டில் 'ஏ' தட்டும்போதெல்லாம் உயிர் போயிற்று.

"கட்டை விரல் கிட்டார் கழுத்துக்குப் பின்னாடி இருக்கணும். கம்பியைக் கொலை பண்ற மாதிரி பிடிக்காதீங்க. அப்புறம், விரலையே பார்க்காதீங்க சார். நிமிர்ந்து உட்காருங்க. விரலைப் பார்த்து வாசிக்கிறவங்களைக் கண்டா சின்னக் குழந்தைகூடச் சொல்லிடும், புதுசுன்னு."

அவனால் நிமிர முடியவில்லை. நிமிர்ந்தால் விரல் வேறு ஊருக்குப் போயிற்று.

நாலே கார்டில் அடங்குகிற ஒரு பழைய ஹிந்திப் பாட்டை சபீனா தேர்ந்தெடுத்தாள். இருப்பதிலேயே சுலபம் என்றாள். மூன்று கார்டுகள் ஒரு மாதத்தில் ஏதோ வழிக்கு வந்தன. நாலாவது, எஃப். அதற்கு ஆள்காட்டி விரலைக் குறுக்கே படுக்கவைத்து ஆறு கம்பியையும் ஒரே சமயத்தில் அமுக்க வேண்டும். மற்ற மூன்று விரலும் அந்த நேரத்தில் தனித்தனி வேலை பார்க்க வேண்டும். இவன் அமுக்கினால் இரண்டு கம்பி பேசும், இரண்டு முனகும், இரண்டு வாயே திறக்காது. பாட்டு அழகாகப் போய்க்கொண்டிருக்கும், எஃப் வந்ததும் 'டொக்' என்று விழும்.

"இந்த கிட்டார்ல ஏதோ கோளாறு" என்றான் ஒரு நாள் ஹாஸ்டல் அறையில்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றான் ராகவேந்திரா, தலையணையால் காதைப் பொத்திக்கொண்டு. "மச்சி, பேசாம அந்தப் பொண்ணுகிட்ட உண்மையைச் சொல்லித் தொலையேன். உன் விரலும் பிழைக்கும், என் காதும் பிழைக்கும்."

சொல்லலாம்தான். ஹம்ஸினி தினமும் ஏழரை மணிக்குப் போன் செய்தாள். உப்பலிலிருந்து வரும் பஸ்ஸில் நடந்த சண்டை, ஆபீஸில் அன்றைக்குப் பெயிலான மாத்திரை, அம்மாவின் மைசூர்பாகு கல்லாகப் போனது எல்லாம் சொல்லுவாள். திருமுல்கேரியிலேயே வளர்ந்தவள், சரி என்பதற்கு 'ஹவ்' என்பாள், வேண்டாம் என்பதற்கு 'நக்கோ' என்பாள். அந்த ஹவ்வுக்காகவே இவன் கேள்வி கேட்பான். ஏழு மணியிலிருந்தே போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். பைத்தியம் மாதிரி ஆகிவிட்டது அவனுக்கு. எப்படியாவது இந்தக் கல்யாணம் நடந்துவிட வேண்டும், இவள் இல்லாமல் இனிமேல் முடியாது என்று வெங்கடாசலபதியிடம் மனம்விட்டே கேட்டான்.

ஒவ்வொரு நாளும் வைப்பதற்கு முன் அவள் கேட்பாள். "இன்னிக்கு வாசிச்சேளா?"

"வாசிச்சேன்."

"எப்படி இருந்துது?"

"நன்னா இருந்துது."

"வேற ஒண்ணும் சொல்றதுக்கு இல்லையே?"

"இல்லையே."

அவள், "ஹவ். சரி" என்று வைப்பாள். ஒரு தடவை போனிலேயே வாசித்துக் காட்டச் சொன்னாள். வாசித்தான். எஃப் வந்த இடத்தில் டொக். போனில் அப்படித்தான் கேட்கும் என்று சமாதானம் சொன்னான்.

செப்டம்பர் நடுவில் செகந்திராபாத்தில் ஒரு ஓட்டலில் சந்தித்தார்கள், வீட்டில் சொல்லிவிட்டுத்தான். இவன் இடது கையில் நாலு விரலிலும் பிளாஸ்திரி.

"என்னாச்சு?"

"வெங்காயம் நறுக்கினேன். கத்தி பட்டுடுத்து."

"நாலு விரலுமா?"

"பெரிய வெங்காயம்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். இவன் சின்ன வெங்காயத்தைப் பெரிய வெங்காயமாக்கி மறைத்தான். ஹம்ஸினி சிரிக்கவில்லை. தோசையைப் பிய்த்துக்கொண்டே, "வெங்காயம் பொல்லாதது" என்றாள். "நறுக்கத் தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்லிடலாம். யாரும் கோவிச்சுக்க மாட்டா." இவன் சாம்பார் நன்றாயிருக்கிறது என்றான்.

அந்த நேரத்தில்தான் அமெரிக்காவில் பாங்குகள் சரிய ஆரம்பித்தன. அங்கே சரிந்தால் இங்கே ஹைடெக் சிட்டிக்கு ஜுரம் வரும். ஆட்களைக் குறைக்க வேண்டும், சும்மா குறைத்தால் பேர் கெடும், எனவே காகிதங்களைத் தோண்ட ஆரம்பித்தார்கள். முன்பு வேலை பார்த்த இடங்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார்கள். அக்டோபர் மூன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை, பதினோரு மணிக்கு ராகவேந்திராவை மேலே கூப்பிட்டார்கள். பன்னிரண்டு மணிக்கு அவன் கழுத்தில் அடையாள அட்டை இல்லை. மாலையே ஹாஸ்டலைக் காலி செய்துகொண்டு ஊருக்குப் பஸ் ஏறினான். போகும்போது, "நம்ம ரெண்டு லெட்டர்லயும் ஒரே கையெழுத்து மச்சி" என்று மட்டும் சொன்னான்.

திங்கட்கிழமை ஸ்ரீகாந்துக்கும் மெயில் வந்தது. முன்பு வேலை பார்த்த கம்பெனியின் அசல் சான்றுகளோடு பதிமூன்றாம் தேதி வந்து பார்க்கவும்.

விஜயதசமி ஒன்பதாம் தேதி.

அந்த மூன்று நாளும் அவன் எதுவும் யோசிக்கவில்லை. யோசித்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று எஃப் கார்டை அமுக்கிக்கொண்டே இருந்தான். உலகத்தில் அது ஒன்றுதான் பிரச்சினை என்பது மாதிரி, அது ஒன்று சரியாக விழுந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பது மாதிரி. அதிலும் ஒரு நாள் போயிற்று. சரஸ்வதி பூஜையன்று காலையில் கல்பகம் போன் செய்து, "கிட்டாரைக் கொண்டுவந்து எங்காத்துப் பூஜையிலயே வெச்சுடுங்கோ. வீணைக்குப் பக்கத்துல இருக்கட்டும்" என்றாள். மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? பாரடைஸ், கார்கானா என்று செகந்திராபாத் பேட்டைகளைத் தாண்டி ஆட்டோவில் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு போய்க் கொடுத்தான். கல்பகம் அதற்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு, பூச்சரம் சுற்றி, புஸ்தகங்களுக்கு நடுவே சாய்த்து வைத்தாள். பூஜையில் வைத்ததை மறுநாள் வரை தொடக் கூடாது.

மறுநாள் நாலு மணிக்கு எல்லாரும் கூடத்தில் கூடினார்கள். மங்களம் திருச்சியிலிருந்து பட்டுப்புடவையோடு வந்திருந்தாள். காலனியிலிருந்து ராமசுவாமியின் சிநேகிதர் சாம்பசிவமும் இன்னும் நாலைந்து குடும்பமும். கொலுப்படிகளுக்கு முன்னால் தாம்பூலத் தட்டுகள் தயாராக இருந்தன. தேங்காய், பழம், மஞ்சள், புடவை. வாசிப்பு ஆனதும் தட்டு மாற்றிக்கொள்வது என்று ஏற்பாடு.

ஹம்ஸினி முதலில் வீணையை எடுத்தாள். அவள் வாசித்தபோது ஸ்ரீகாந்துக்கு அழுகை வந்தது. அவள் கையைப் பார்க்கவே இல்லை. கொலுவில் இருந்த சரஸ்வதி பொம்மையைப் பார்த்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரியோடு பேசுகிறவள் மாதிரி வாசித்தாள்.

பிறகு கிட்டார் அவன் மடிக்கு வந்தது. சந்தனம் காய்ந்து கம்பியில் ஒட்டியிருந்தது. ஆரம்பித்தான். முதல் கார்டு வந்தது. இரண்டாவது வந்தது. சாம்பசிவம் தலையை ஆட்டினார். எஃப் வந்தது. டொக்.

இன்னொரு தடவை முதலிலிருந்து எடுத்தான். டொக்.

யாரோ இருமினார்கள். ராமசுவாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முப்பத்துநாலு வருஷம் சாமான்களைச் சோதித்த மனிதர். மங்களம் புடவைத் தலைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது தடவை விரலே எழவில்லை.

"சுருதி கலைஞ்சிருக்கு அம்மா. சந்தனம் பட்டா அப்படித்தான் ஆகும். சரி பண்ணிண்டு வரோம்" என்று எழுந்தாள் ஹம்ஸினி. கிட்டாரைத் தானே தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போனாள். அவன் பின்னாலேயே போனான்.

கதவைச் சாத்திவிட்டு அவள் தன் இடது கையை விரித்துக் காட்டினாள். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நுனியில் கத்தியால் கீறிய மாதிரி கறுத்த கோடுகள்.

"பதினாறு வருஷம் கம்பி ஓடின தடம் இது. நீங்க அன்னிக்கு இங்கதான் தம்ளரைப் பிடிச்சுண்டு நின்னேள். உங்க விரல் குழந்தை விரல் மாதிரி இருந்துது. அஞ்சாறு வருஷம்னு சொன்னேள்."

ஸ்ரீகாந்த் கையைப் பின்னால் மறைத்தான். "அன்னிக்கே தெரியுமா?"

"ஹவ். அன்னிக்கே தெரியும். நீங்களா சொல்வேள்னு பார்த்தேன். தினமும் கேட்டேனே, வேற ஒண்ணும் சொல்றதுக்கு இல்லையான்னு. வெங்காயம்னேள்." அவள் கண் நிறைந்திருந்தது. "இன்னிக்குக் கார்த்தாலகூட வேண்டாம்னுதான் இருந்தேன். அப்பாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சுண்டிருந்தேன்."

அவன் சொன்னான். போட்டோ, அக்கா, அமீர்பேட்டை, சபீனா, முப்பது நாள் நோட்ஸ், எல்லாம் சொன்னான். முதல் தடவையாக வார்த்தை தடங்கலில்லாமல் வந்தது. சொல்லச் சொல்ல மார்பிலிருந்து அம்மிக்கல்லை இறக்கிவைத்த மாதிரி இருந்தது. ஹம்ஸினி அவன் இடது கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். உரிந்து, காய்ந்து, மறுபடி உரிந்த நாலு விரல்கள்.

"ஒரு பொய்யை நிஜமாக்கறதுக்கு யாராவது இப்படிப் புண்ணாக்கிப்பாளா?" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டாள். "அசடு. விஜயதசமிதான் புதுசா ஆரம்பிக்கற நாள். இன்னிக்கு ஆரம்பிக்கறேன்னு உள்ளே வந்து சொல்லியிருந்தா அம்மா கையைப் பிடிச்சு உட்காரவெச்சிருப்பா."

அவனுக்கும் சிரிப்பு வந்தது. பிழைத்தோம் என்று நினைத்தான்.

"ஆனா ஒண்ணு" என்றாள் அவள். இப்போது சிரிப்பு இல்லை. "வேற ஏதாவது இருந்தா இப்பவே சொல்லிடுங்கோ. என்னவா இருந்தாலும் பரவாயில்லை. சத்தியமா பரவாயில்லை. இப்ப தெரிஞ்சா சேர்ந்து பார்த்துக்கலாம். தட்டு மாத்தினப்புறம் வெளிலேந்து யாரோ சொல்லித் தெரிஞ்சா, அப்பா தாங்க மாட்டார். நானும் தாங்க மாட்டேன்."

இதைவிட ஒரு மனுஷி எப்படிக் கேட்பாள்? கதவை அகலத் திறந்துவைத்து, உள்ளே வா என்றாள். சட்டைப் பையில் போன் இருந்தது, போனில் மெயில் இருந்தது. பதிமூன்றாம் தேதி, திங்கட்கிழமை. இன்னும் நாலு நாள். கெட்டிக்காரன் புளுகுக்காவது எட்டு நாள் தருவார்கள், இவனுக்கு அதில் பாதிதான். ராகவேந்திராவின் வெறும் கழுத்து கண்முன் வந்தது. சொல்லிவிடு, சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. அவள் முகத்தைப் பார்த்தான். இப்போதுதான் அழுது முடித்த முகம். இந்த முகம் இன்னொரு தடவை மாறுவதைப் பார்க்க வேண்டுமே என்று நினைத்தபோது உள்ளே ஏதோ சுருண்டு படுத்துக்கொண்டது.

"இல்லை" என்றான். "இது ஒண்ணுதான்."

ஹம்ஸினி பெருமூச்சு விட்டாள். "போறும்" என்றாள். "எனக்கு அது போறும்."

அவள் அவனைப் பால்கனி ஸ்டூலில் உட்காரவைத்து, கிட்டாரை மடியில் வைத்தாள். ஈரத் துணியால் கம்பியில் இருந்த சந்தனத்தைத் துடைத்தாள். "போன்ல வாசிச்சேளே, ஒரு இடத்துல மட்டும் டொக்குன்னு விழுந்துது. எங்க ஆபீஸ்ல ஒருத்தர் கிட்டார் வாசிப்பார், அவரைக் கேட்டு வெச்சேன். விரலைப் பட்டையா வெச்சா சதைதான் படுமாம். கொஞ்சம் ஓரமா திருப்பி எலும்புப் பக்கத்தால அமுக்கணுமாம். முழங்கையை உடம்போட ஒட்டிக்கோங்கோ." அவன் ஆள்காட்டி விரலைத் தன் தடம் விழுந்த விரலால் பிடித்துத் திருப்பினாள். "இப்ப மீட்டுங்கோ."

மீட்டினான். ஆறு கம்பியும் ஒன்றாகப் பேசின. கணீரென்று, சுத்தமாக, நாற்பத்தாறு நாளாக வராத எஃப் வந்தது. ஹம்ஸினி குழந்தை மாதிரி கை தட்டினாள். அவனுக்குத் தன் கையை வெட்டிப் போட்டுவிடலாம் போலிருந்தது.

உள்ளே போனார்கள். "மாப்பிள்ளை இப்பதான் கத்துக்க ஆரம்பிச்சிருக்கார் அம்மா, எங்கிட்ட எல்லாம் சொல்லிட்டார். சும்மா போட்டோவுக்குப் பிடிச்சுண்டாராம்" என்று ஹம்ஸினி எல்லார் முன்னாலும் போட்டு உடைத்தாள். கூடம் கொல்லென்று சிரித்தது. கல்பகம் மங்களத்தின் கையில் செல்லமாகத் தட்டினாள். ராமசுவாமி மட்டும் சிரிக்காமல் எழுந்து வந்து அவன் தோளில் கை வைத்தார்.

"வாசிக்கத் தெரியாட்டா என்னப்பா? தெரியலைன்னு ஒத்துக்கத் தெரியறதே. அதுதான் எனக்கு வேணும்" என்றார். பிறகு தட்டைத் தானே எடுத்தார்.

தட்டு மாற்றியாயிற்று. அட்சதை போட்டார்கள். சாம்பசிவம் வெற்றிலையை மடித்துக்கொண்டே, "மாப்பிள்ளை, இப்ப அந்தப் பாட்டை வாசிங்கோ, தப்பா வந்தாலும் பரவாயில்லை" என்றார்.

அவன் வாசித்தான். ஒரு இடத்திலும் தப்பாக வரவில்லை. நாலு கார்டும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன, எஃப் வந்த இடத்திலெல்லாம் எஃப் வந்தது. எதிரே ஹம்ஸினி உட்கார்ந்து தாளம் போட்டாள், அவன் எப்போது நிமிர்ந்து தன்னைப் பார்ப்பான் என்று காத்திருந்தாள். அவன் கடைசி வரை விரலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"புதுசோன்னோ" என்றாள் கல்பகம் பக்கத்தில் இருந்தவளிடம். "போகப் போக நிமிர்ந்துடுவார்."